புழு என்றால் எந்தப் புழு? வண்டுகளுக்கான பிடி (Bt) புரதம் பற்றி ஓர் எளிய விளக்கம்

போன சித்திரையில் காவேரிப்பட்டணம் பக்கம் பெரியப்பா தோட்டத்தில் எருக்குழியைப் பிரித்துக்கொண்டிருந்தோம். ஆடிப்பட்டத்துக்கு முன்னால் எருவை வயலில் கொட்டி வைக்கிற வேலை. மேல் எரு காய்ந்து பொலபொலவென்று வந்தது. முழங்கால் ஆழம் போனதும் மண்வெட்டிக்கு முன்னால் ஒன்று உருண்டது. கட்டைவிரல் பருமன், வெள்ளை உடம்பு, பழுப்புத் தலை. வால் பக்கம் மட்டும் உள்ளே இருக்கிற சாணம் தோல் வழியே தெரிந்து சாம்பல் பூத்தது போல இருந்தது. கையில் எடுத்ததும் அரைவட்டமாகச் சுருண்டுகொண்டது. தென்னங்குருத்தைத் துளைக்கிற காண்டாமிருக வண்டின் பிள்ளை. அந்தக் குழியில் மட்டும் இருபது, முப்பது இருந்திருக்கும்.

பெரியப்பா மோட்டார் கொட்டகைக்குப் போய் ஒரு பாட்டிலோடு வந்தார். "புழுவுக்கு மருந்து கேட்டேன். உயிரி மருந்து, கெடுதல் இல்ல, பிடின்னு சொல்லிக் குடுத்தாங்க. கரைச்சு ஊத்தி ஒரு வாரம் ஆச்சு. பாரு, எப்படிக் கொழுகொழுன்னு இருக்குது. எல்லாம் ஏமாத்து வேலை."

லேபிளைப் படித்தேன். பொடி எழுத்தில் 'குர்ஸ்டாகி' என்று போட்டிருந்தது, அந்துப்பூச்சிப் புழுவைக் கொல்கிற பிடி வகையின் பெயர் அது. காலாவதி ஆகவில்லை, சரக்கும் நல்ல சரக்குதான். ஆனால் அந்த மருந்தைக் குடம் குடமாக ஊற்றினாலும் இந்தப் புழு சாகாது. ஏன் சாகாது என்று அவருக்குச் சொல்லி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அன்று பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். நம் ஊர்களில் பிடி என்றால் ஒரு பக்கம் எல்லாப் புழுவுக்கும் ஒரே மருந்து என்கிறார்கள், இன்னொரு பக்கம் விஷ விதை என்கிறார்கள். இரண்டு பேச்சிலும் வண்டு என்ற உயிரினமே காணாமல் போய்விடுகிறது.

புழு என்ற ஒரே சொல்

குழப்பத்தில் பாதி நம் மொழியிலேயே இருக்கிறது. கத்தரியைத் துளைப்பதும் புழு, நிலக்கடலை வேரைக் கடிப்பதும் புழு, அழுகிய மாம்பழத்தில் நெளிவதும் புழு. பட்டு தருவதும் புழு. எல்லாவற்றையும் ஒரே பெயரில் கூப்பிட்டுப் பழகிவிட்டோம். ஆனால் இவற்றில் ஒன்று வளர்ந்தால் அந்துப்பூச்சி ஆகும், ஒன்று வண்டு ஆகும், ஒன்று ஈ ஆகும். ஆட்டுக்குட்டி, நாய்க்குட்டி, பூனைக்குட்டி எல்லாம் குட்டிதான், அதற்காக மூன்றுக்கும் ஒரே தீனி வைக்க மாட்டோமே.

அதனால் முதலில் அந்தப் புழுவின் தாய் யார் என்று பார்க்க வேண்டும். இதற்குப் படிப்பு தேவையில்லை, கண் போதும். புழுவை உள்ளங்கையில் புரட்டிப் போட்டுக் காலை எண்ணுங்கள். தலைக்குப் பக்கத்தில் ஆறு கால், அதற்குப் பின்னால் வயிற்றுப் பக்கமும் சதைப்பற்றான குட்டைக் கால்கள் இருந்தால் அது பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சி அல்லது அந்துப்பூச்சியின் பிள்ளை. பட்டுப்புழுவை வளர்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மல்பெரிக் குச்சியை அது பிடித்துக்கொண்டு நிற்பது அந்தச் சதைக் கால்களால்தான். முன்னால் ஆறு கால் மட்டும் இருந்து, பின்பக்கம் காலே இல்லாமல் உடம்பு சுருண்டிருந்தால் வண்டின் பிள்ளை, எங்கள் எருக்குழியில் கிடந்தது போல. பழுப்புத் தலை இருக்கிறது, ஆனால் ஒரு கால்கூட இல்லை என்றால் அநேகமாகக் கூன்வண்டின் பிள்ளை. மூக்கு நீண்ட வண்டுகளைத்தான் கூன்வண்டு என்கிறோம். மாங்கொட்டைக்குள் இருப்பது அந்த வகை. தலையும் தெரியாமல், காலும் இல்லாமல், ஒரு முனை கூராக நெளிந்தால் அது ஈயின் பிள்ளை.

இனி இந்தக் கட்டுரையில் அந்துப்பூச்சியின் பிள்ளையைக் கம்பளிப்புழு என்றும், வண்டின் பிள்ளையை வண்டுப்புழு என்றும் எழுதுகிறேன். கம்பளிப்புழு என்றால் மயிர் இருக்க வேண்டும் என்று சண்டைக்கு வர வேண்டாம், எளிமைக்காகத்தான்.

பட்டுப்புழுவில் தொடங்கிய கதை

பாக்டீரியா என்பது ஒரே ஒரு செல்லால் ஆன, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். தயிரில் இருப்பது ஒரு வகை, மண்ணில் இருப்பது ஆயிரம் வகை. அந்த மண் வகைகளில் ஒன்றுதான் நம் கதைக்குரியது.

1901இல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் திடீர் திடீரென்று துவண்டு செத்துக்கொண்டிருந்தன. இஷிவாத்தா என்ற ஆய்வாளர் செத்த புழுக்களிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அங்கே அந்த நோய்க்குச் 'சொத்தோ' என்று பெயர், சடாரென்று சுருண்டு விழுவது என்று பொருள். பத்து வருடம் கழித்து, 1911இல், ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் மாவு அந்தின் புழுவிலிருந்து இதே பாக்டீரியாவை எர்ன்ஸ்ட் பெர்லினர் கண்டெடுத்தார். 1915இல் அந்த ஊர்ப்பக்கத்தின் பெயரையே வைத்து பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்று பெயரிட்டார். இரண்டு சொல்லின் முதல் ஆங்கில எழுத்துகள்தான் பிடி. ஆக, பிடி என்பது முதலில் ஒரு பாக்டீரியாவின் பெயர். விதையின் பெயராக அது ஆனது ரொம்பப் பிற்பாடு.

தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு கொண்டுபோகிற குடும்பங்கள் இந்தக் கதையின் தொடக்கத்தைக் கவனிக்க வேண்டும். உலகம் இந்தப் பாக்டீரியாவை முதலில் அறிந்ததே பட்டுப்புழுவின் எமனாகத்தான். பக்கத்துக் கொல்லையில் முட்டைக்கோசுக்கு அடித்த பிடி காற்றில் வந்து மல்பெரி இலையில் படிந்தால், அந்த இலையைத் தின்ற பட்டுப்புழு பிழைப்பது கஷ்டம். உயிரி மருந்து என்றால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. யாருக்குக் கெடுதல், யாருக்கு இல்லை என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

கல்கண்டு, கத்தரிக்கோல், பூட்டு

இந்தப் பாக்டீரியாவுக்குத் தீனி குறைந்தால் அது தன்னை ஒரு கெட்டியான ஓட்டுக்குள் சுருக்கிக்கொள்கிறது. அதற்கு வித்து என்று பெயர். விதை போலத்தான், நல்ல காலம் வரும்வரை தூங்கும். வித்தாகும்போதே பக்கத்தில் இன்னொன்றையும் செய்து வைக்கிறது. புரதம், அதாவது பருப்பிலும் முட்டையிலும் இருக்கிறதே அந்த வகைப் பொருள், நெருக்கமாக அடுக்கி இறுகிய சின்னப் படிகம். சர்க்கரை இறுகிக் கல்கண்டாவது போல புரதம் இறுகிப் படிகமாகிறது. படிகம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி இதற்குக் 'க்ரை' புரதம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கொல்வது இந்தப் படிகம்தான் என்பது தெளிவானது 1950களில். அந்தச் சோதனைகளும் பட்டுப்புழுவை வைத்தே நடந்தன.

படிகம் இலைமேல் கிடக்கும்வரை ஒன்றும் செய்யாது. கையில் பட்டால், தோலில் பட்டால், பூச்சியின் முதுகில் பட்டால்கூட ஒன்றும் இல்லை. வாய் வழியாக உள்ளே போக வேண்டும். போனபிறகு அடுத்தடுத்து மூன்று படி தாண்ட வேண்டும், ஒரு படி தவறினாலும் வேலை நின்றுவிடும்.

முதல் படி கரைவது. புளியை வெந்நீரில் போட்டால் சீக்கிரம் கரையும், பச்சைத் தண்ணீரில் மெதுவாகக் கரையும், எண்ணெயில் போட்டால் அப்படியே கிடக்கும். அதுபோல இந்தப் படிகம் கரைவதற்குக் குடலின் நீர் ஏற்றதாக இருக்க வேண்டும். கம்பளிப்புழுவின் குடல்நீர் கடுமையான காரம். காரம் என்றால் மிளகாய்க் காரம் இல்லை. சுண்ணாம்புத் தண்ணீரின் தன்மை, புளிப்புக்கு நேர் எதிர். அதில் படிகம் கரைந்துவிடுகிறது.

இரண்டாவது படி வெட்டுவது. கரைந்த புரதம் இன்னும் உறைக்குள் இருக்கிற கத்தி மாதிரி. பூச்சியின் செரிமானச் சாறே அதன் இரு முனைகளையும் நறுக்கிவிடுகிறது. பாவம், தனக்கு உணவு என்று நினைத்து வெட்டுகிறது; கத்தி வெளியே வந்துவிடுகிறது.

மூன்றாவதுதான் முக்கியம். குடல்சுவரின் செல்கள்மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சில மூலக்கூறுகள் உண்டு. அவற்றுக்கு ஏற்பி என்று பெயர். ஏற்பி ஒரு பூட்டு, வெட்டுப்பட்ட புரதம் ஒரு சாவி. சாவி பொருந்தினால் அங்கேயே ஒட்டிக்கொண்டு, இன்னும் சில சாவிகளோடு சேர்ந்து, செல்லின் சுவரில் ஓட்டை போடுகிறது. சொட்டுநீர்க் குழாயில் அணில் கடித்த இடம் போல ஓட்டைகள். அதன் வழியே நீர் உள்ளே புகுந்து, ராத்திரி ஊறப்போட்ட பயறு போலச் செல் உப்பி வெடிக்கிறது. குடல் பாழானதும் பூச்சி தின்பதை நிறுத்திவிடும். குடலில் இருக்கிற பாக்டீரியாக்கள் ஓட்டை வழியாக உடம்புக்குள் இறங்கும். இரண்டிலிருந்து ஐந்து நாளில் சாகும்.

நம் வயிற்றில் என்ன ஆகும் என்று பெரியப்பாவும் கேட்டார். நம் இரைப்பையில் இருப்பது அமிலம். அங்கே இந்தப் புரதம் மற்றப் பருப்புப் புரதம் போலவே துண்டு துண்டாகிச் செரித்துவிடுகிறது. தப்பித்துக் குடலுக்குப் போனாலும் பொருந்தும் பூட்டு நம் குடலில் இல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். பிடி ஒரு மண் பாக்டீரியா. அது செய்து வைக்கும் புரதப் படிகத்தைப் பூச்சி தின்ன வேண்டும். அது கரைந்து, வெட்டுப்பட்டு, சரியான ஏற்பியில் ஒட்டினால்தான் குடலில் ஓட்டை விழும். நரம்பைத் தாக்குகிற ரசாயன மருந்து போல அடித்த கையோடு பூச்சி உதிராது. மறுநாள் காலையில் போய்ப் புழு இருக்கிறதே என்று பார்ப்பதில் பயனில்லை. இலையில் புதுக் கடி இருக்கிறதா, புது எச்சம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வண்டுக்கான சாவி கிடைத்த கதை

பல பத்தாண்டுகளுக்கு பிடி என்றால் கம்பளிப்புழு மருந்து மட்டும்தான். 1970களில் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கொசுப்புழுவைக் கொல்லும் ஒரு வகை கிடைத்தது. இஸ்ரேலென்சிஸ் என்று பெயர். அப்போதுதான், இந்தப் பாக்டீரியாவிடம் ஒரு சாவி மட்டும் இல்லை, ஒரு சாவிக்கொத்தே இருக்கிறது என்று ஆய்வாளர்களுக்குப் புரிந்தது. அப்படியானால் வண்டுக்கும் ஒன்று இருக்க வேண்டுமே?

இருந்தது. ஜெர்மனியில் மாவுப்புழு வண்டு ஒன்றின் கூட்டுப்புழு செத்துக் கிடந்தது. நம் வீட்டுக் கேழ்வரகு மாவில் ஓடுமே சின்னச் செவ்வண்டு, அதற்கு உறவான இனம் இது. அந்தச் செத்த கூட்டுப்புழுவிலிருந்து எடுத்த பிடி வகை கம்பளிப்புழுவையும் கொசுவையும் விட்டுவிட்டு வண்டுப்புழுக்களைக் கொன்றது. 1983இல் கிரீக், ஹூகர், லாங்கன்புரூக், ஷ்னெட்டர் ஆகிய நால்வர் இதை அறிவித்தார்கள். அதற்கு டெனிப்ரியோனிஸ் வகை என்று பெயர். அதன் படிகமே தோற்றத்தில் வேறு. கம்பளிப்புழு வகையின் படிகம் இரண்டு கூம்பை அடியோடு அடி ஒட்டியது போல இருக்கும். இது தட்டையான வில்லை. அதிலுள்ள புரதம் க்ரை 3.

அந்த நால்வரில் அலோயிஸ் ஹூகரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. எங்கள் எருக்குழியில் கிடந்த காண்டாமிருக வண்டுக்கு வரும் வைரஸ் நோயை 1963இல் மலேசியாவில் கண்டுபிடித்தவரும் இவரேதான். தென்னை வளர்க்கிற தீவு நாடுகள் பல அந்த வைரஸால் பலன் அடைந்தன. வண்டுகளோடு போராடும் விவசாயிக்கு இரண்டு கருவிகளைத் தந்த மனிதர்.

வண்டுக்குள்ளும் ஆயிரம் வீடு

சரி, வண்டுக்குச் சாவி கிடைத்துவிட்டது, எல்லா வண்டுக்கும் அதையே போடலாமா என்றால், இங்கேதான் ரொம்பப் பேர் சறுக்குகிறார்கள். உலகில் பெயரிடப்பட்ட வண்டு இனங்கள் மட்டுமே மூன்றரை லட்சத்துக்கு மேல். அவற்றின் குடலும் ஒரே மாதிரி இல்லை.

இலை தின்னும் வண்டுகள் பலவற்றின் குடல்நீர் லேசான புளிப்பு. செரிமானச் சாறும் கம்பளிப்புழுவுடையது போன்றதல்ல, வேறு வகைக் கத்தரிக்கோல். க்ரை 3 இவற்றுக்குப் பொருந்துகிறது. மாறாக, எருக்குழிப் புழுவின் உறவுக்காரர்களுக்குக் குடல் நடுப்பகுதி கம்பளிப்புழுவைப் போலவே கடும் காரம். அப்படியானால் பெரியப்பா ஊற்றிய மருந்தின் படிகம் அதற்குள் கரைந்திருக்கவும் கூடும். ஆனாலும் சாவிக்கேற்ற பூட்டு இல்லாததால் சாணத்தோடு சாணமாகப் போய்விட்டது. வேர் தின்னும் இந்த வெள்ளைப்புழு வகைக்கு க்ரை 8 என்ற வேறு புரதம் இருக்கிறது. ஜப்பான் மண்ணில் எடுத்த ஒரு பிடி வகையில் அது கிடைத்தது. அமெரிக்காவில் புல்தரைகளையும் பழத்தோட்டங்களையும் நாசமாக்கும் ஜப்பானிய வண்டுக்கு எதிராக க்ரை 8 வகைப் புரதமுள்ள மருந்து விற்பனைக்கே வந்தது.

கரைவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. க்ரை 7 என்ற புரதத்தின் படிகத்தை உருளைக்கிழங்கு வண்டின் புழுவுக்குக் கொடுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. அதே படிகத்தை ஆய்வகத்தில் முன்கூட்டியே கரைத்துக் கொடுத்தார்கள், செத்தது. பூட்டு இருந்திருக்கிறது, சாவியும் இருந்திருக்கிறது, கல்கண்டுதான் கரையாமல் வெளியே போயிருக்கிறது.

நம் கத்தரித் தோட்டத்தில் இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று சல்லடையாக்கி வைக்குமே, புள்ளி வண்டு, அதையும் இங்கே சொல்ல வேண்டும். அசுவினியைத் தின்று நமக்கு உதவும் பொறிவண்டின் அதே குடும்பம். பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், அதனால் நல்லதையும் சேர்த்து நசுக்கிவிடுகிறோம். இலையைத் தின்பதன் முதுகில் மெல்லிய மயிர் படர்ந்து மங்கலாக இருக்கும், உதவுவது எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும். இலை தின்பதன் மஞ்சள் புழுவுக்கு உடம்பெல்லாம் கிளைவிட்ட முட்கள். இந்த வண்டின் நெருங்கிய சொந்தமான கிழக்காசிய இனத்தை, சீனாவில் பிரித்தெடுத்த க்ரை 7 வகை ஒன்று ஆய்வகத்தில் கொன்றிருக்கிறது. அது கடைக்கு வரும் சரக்காக ஆகிவிடவில்லை. ஆனாலும் தேடினால் சாவி கிடைக்கும் என்பதற்கு அது சாட்சி.

இங்கே ஒன்றை நிறுத்தி நினைவில் வைத்துக்கொள்ளலாம். க்ரை 1 பெரும்பாலும் கம்பளிப்புழுவுக்கு, க்ரை 3 இலை தின்னும் வண்டுக் குடும்பத்துக்கு, க்ரை 8 வெள்ளைப்புழு வகைக்கு. எண் மாறினால் ஆள் மாறும்.

தெளிப்பதா, செடிக்குள் வைப்பதா

டெனிப்ரியோனிஸ் வகையைத் தெளிப்பானாகச் செய்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உருளைக்கிழங்கு வண்டுக்கு விற்றார்கள். இலையை மொட்டையடிக்கும் அந்த வண்டு இந்தியாவில் இல்லை, அந்த மட்டில் நாம் பிழைத்தோம். தெளிப்பு வேலை செய்தது, ஆனால் தொல்லைகளும் இருந்தன. வெயில் பட்டால் இந்தப் புரதம் சில நாளில் கெட்டுவிடும். மழை வந்தால் கழுவிக்கொண்டு போகும். புழு சின்னதாக இருக்கும்போதே தின்ன வேண்டும், வளர்ந்த வண்டுக்கு அவ்வளவாக உறைக்காது. நம் ஊர்ப் பங்குனி வெயிலில் காலை பத்து மணிக்கு எந்தப் பிடி தெளித்தாலும் பாதி காசு சூரியனுக்குத்தான். சாயங்காலம் அடிக்கச் சொல்வது இதனால்தான்.

இன்னும் பெரிய தொல்லை, வண்டுப்புழு முக்கால்வாசி ஒளிந்தே வாழ்வது. வேருக்குள், தண்டுக்குள், கொட்டைக்குள் இருப்பதைத் தெளித்து எட்ட முடியாது. அதனால் அந்தப் புரதத்தைச் செய்யும் செய்முறையையே செடிக்குள் வைத்தார்கள். ஓர் உயிர் எந்தப் புரதத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் குறிப்புக்கு மரபணு என்று பெயர். பாட்டியின் கைப்பக்குவத்தை ஒரு சீட்டில் எழுதி மருமகளிடம் கொடுப்பது போல, பாக்டீரியாவின் அந்த ஒரு குறிப்பை எடுத்துச் செடியிடம் கொடுத்தார்கள். செடி தன் வேரிலும் இலையிலும் தானே புரதத்தைச் செய்துகொள்ளும்.

அப்படி க்ரை 3 வைத்த உருளைக்கிழங்கு அமெரிக்காவில் 1995இல் அனுமதி பெற்றது. வண்டை நன்றாகவே அடக்கியது. ஆனால் அதே சமயம் புது ரசாயன மருந்து ஒன்று வந்து வண்டோடு அசுவினியையும் கொன்றது. மரபணு மாற்றிய கிழங்கை வாங்கப் பெரிய உணவகங்கள் தயங்கின. 2001இல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். அறிவியல் தோற்கவில்லை, சந்தை தோற்றது. பாலக்கோடு தக்காளிச் சந்தையில் விலை இல்லாமல் கூடையைக் கொட்டிவிட்டு வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மக்காச்சோளத்தில் கதை வேறு. அங்கே வேரைத் தின்னும் ஒரு வண்டுப்புழு உண்டு, அதுவும் நம் நாட்டில் இல்லை. 2003 முதல் க்ரை 3 வகைப் புரதம் வைத்த மக்காச்சோளம் அங்கே பரவலாக வந்தது. எட்டே வருடம். 2011இல் அயோவா மாநிலத்தில் சில வயல்களின் வண்டுகள் அதைத் தின்றும் பிழைக்கின்றன என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த வயல்களில் மூன்று வருடமோ அதற்கு மேலோ தொடர்ந்து அதே சோளத்தையே போட்டிருந்தார்கள்.

இதற்கு எதிர்ப்புத்திறன் என்று பெயர். பூச்சி பாடம் படித்து மாறுவதாக நினைத்துவிடக் கூடாது. ஆயிரக்கணக்கில் ஒன்றுக்குப் பிறவியிலேயே பூட்டு கொஞ்சம் கோணலாக இருக்கும், சாவி பொருந்தாது. மற்றவை எல்லாம் செத்தபின் அது மட்டும் மிஞ்சிப் பிள்ளை பெறும். சில தலைமுறையில் வயல் முழுக்கக் கோணல் பூட்டு. இதைத் தள்ளிப்போடத்தான் பக்கத்தில் கொஞ்ச நிலத்தில் சாதாரண விதையைப் போடச் சொல்கிறார்கள். அங்கே வளரும் சாதாரணப் பூச்சிகள் கோணல் பூட்டுக்காரர்களோடு கலந்து இணைந்து, அடுத்த தலைமுறையில் பூட்டைத் திரும்பவும் நேராக்கும். அந்த நிலத்துக்குப் புகலிடம் என்று பெயர்.

அரூர் பக்கம் பருத்தி போட்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 450 கிராம் பிடி விதைப் பையோடு 120 கிராமில் ஒரு சின்னப் பை வந்தது. சுற்றி ஐந்து வரிசையாவது போடச் சொல்லியிருந்தார்கள். அதை எத்தனை பேர் போட்டோம்? புழு வரும் விதையைக் காசு கொடுத்து வாங்கி எவன் போடுவான் என்று தூக்கி எறிந்தவர்களே அதிகம். குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பிடி பருத்தியைத் தாங்கிக்கொண்ட செய்தி 2010 வாக்கில் வெளிவந்தது. எறிந்தவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. எதற்கு அந்தப் பை என்று அவர்களுக்குப் புரியும்படி யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இந்தியாவில் சாகுபடிக்கு வந்த பிடி பயிர் பருத்தி மட்டுமே. அதில் இருப்பது காய்ப்புழுக்களுக்கான புரதம். 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்திவைத்த பிடி கத்தரியும் காய்த்துளைப்பானுக்கானதுதான். அது ஒருவேளை வந்திருந்தாலும் நம் புள்ளி வண்டும், வேரைத் தின்னும் சாம்பல் கூன்வண்டின் புழுவும் அதைக் கவலையில்லாமல் தின்றிருக்கும்.

நம் பக்கத்து வண்டுகளுக்கு இப்போது என்ன வழி

கிருஷ்ணகிரி என்றால் மாங்காய். பெங்களூராவைக் கூழாலைக்கு அனுப்புகிறவருக்கும், அல்போன்சாவை வெளிநாட்டுக்கு அனுப்ப ஆசைப்படுகிறவருக்கும் மாங்கொட்டைக் கூன்வண்டு ஒரு சாபம். பிஞ்சின் தோலில் முட்டை வைக்கும். கால் இல்லாத அந்தச் சின்னப் புழு சதை வழியே கொட்டைக்குள் போய்விடும். போன வழி சதை வளர்ந்து மூடிக்கொள்ளும், வெளியே தழும்புகூடத் தெரியாது. பழத்தை வெட்டிக் கொட்டையைப் பிளந்தால்தான் கருத்த பொடியும் வண்டும். இதற்குத் தெளிக்கிற எந்தப் பிடியும் இன்று உதவாது. கீழே விழுந்த காய்களையும் கொட்டைகளையும் பொறுக்கி அழிப்பதும், வண்டு ஒளிந்திருக்கிற பட்டை வெடிப்புகளைக் கவனிப்பதும்தான் வேலை. கொட்டைக்குள் இருப்பதை எட்ட வேறு ஏதாவது வழி வர வேண்டும்.

நிலக்கடலையின் வெள்ளைப்புழுவுக்கு முதல் கோடை மழையே நல்ல சமயம். மழை பெய்த அன்று இரவு தாய் வண்டுகள் மண்ணிலிருந்து கிளம்பி வேம்பு, முருங்கையில் உட்கார்ந்து இலை தின்னும். விளக்குப்பொறி வைத்தோ கிளையை உலுக்கியோ பொறுக்கினால் பின்னால் வேரைக் கடிக்கப் போகிற பிள்ளைகள் அத்தனையும் குறையும். ஊரே சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. ஒருவர் மட்டும் செய்தால் பக்கத்துக் காட்டு வண்டு வந்துவிடும்.

மண்ணுக்குள் இருக்கிற புழுவுக்கு இன்னொரு பாக்டீரியாவின் உதவியும் உண்டு. அது தானாகப் போகாது, வண்டியில் ஏறிப் போகும். வண்டி என்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு நூற்புழு. பூச்சியைத் தேடி மண்ணில் நகர்ந்து, அதன் உடம்புத் துளைகள் வழியே உள்ளே புகுந்து, தன் குடலில் சுமந்து வந்த பாக்டீரியாவை விட்டுவிடும். அந்தப் பாக்டீரியா தன் நச்சுப் புரதங்களால் புழுவைக் கொல்லும், பிறகு இருவரும் பந்தி போடுவார்கள். செத்த புழு செங்கல் நிறமாகிவிடும். அந்தப் பாக்டீரியாவுக்கு இருட்டில் மிக மங்கலாக ஒளிரும் குணமும் உண்டு. இந்த வகை நூற்புழுக்களில் ஒன்றை 1992இல் உலகுக்கு விவரித்தபோது அது கிடைத்த இடம் நம் கோயம்புத்தூர். இனப்பெயரிலேயே இந்தியாவின் பெயர் இருக்கிறது.

பெரியப்பாவின் எருக்குழிக்கு நாங்கள் கடைசியில் போட்டது பிடியே இல்லை, மெட்டாரைசியம் என்ற பூஞ்சை. இது வாய் வழியாகப் போக வேண்டியதில்லை, தோலில் ஒட்டி முளைத்து உள்ளே வேர்விடும். ஈரமும் நிழலும் வேண்டும் என்பதால் பிரித்த குழியை மறுபடி நனைத்து, மேலே தென்னோலை போட்டு மூடினோம். சில வாரம் கழித்துக் கிளறியபோது நாலைந்து புழு விறைத்துக் கிடந்தன. முதலில் வெள்ளை மாவு பூசியது போல, இன்னும் பழையவை பாசி பிடித்தது போலப் பச்சை. பெரியப்பா அதில் ஒன்றை எடுத்து இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். உள்ளே கெட்டியாக, சாக்கட்டி மாதிரி உடைந்தது.

உங்கள் தோட்டத்துப் புழு எது என்று காலை எண்ணியும் தெரியவில்லை என்றால், மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் அது இருந்த இடத்து மண்ணோ எருவோ ஒரு கைப்பிடி போட்டு, புழுவை உயிரோடு எடுத்துக்கொண்டு பாப்பாரப்பட்டியிலோ எலுமிச்சங்கிரியிலோ இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்துக்கு, இல்லை பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போங்கள். அது கடித்த வேரையோ இலையையோ கூடவே கொண்டுபோங்கள். அதன்பிறகு கடைக்குப் போனால், புழுவுக்கு மருந்து என்று மட்டும் கேட்காமல் எந்த வண்டின் புழு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எடுத்துக் கொடுக்கிற பாட்டில் பிடியாக இருந்தால், வகைப் பெயர் எங்கே இருக்கிறது என்று லேபிளைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில்தான் இருக்கும்.